கடலூர் 1280 மீட்டர் உயரமா? பைனரி ஃபைலை அணிக்குள் சரியாகப் படிப்பது பற்றி

பாகூரான்

எல்லாருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வுக்காகக் கடலூர் – புதுவைக் கரையோரத்தில் மழைநீர் எங்கெங்கே தேங்கும் என்று வரைபடம் தயாரிக்கிறேன். கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் சேரும் பகுதிதான் முக்கியம். தரை உயரத்துக்கு, நாசா விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் தரவை எடுத்திருக்கிறேன். என்11இ079 என்ற ஹெச்ஜிடி வகைப் பைனரி ஃபைல் (எண்களை எழுத்தாக இல்லாமல் நேரடியாகப் பைட்டுகளாக வைத்திருப்பது) ஒன்றிலேயே நம் இரண்டு ஊரும் வந்துவிடுகின்றன.

பைத்தான் கணினி மொழியில், நம்பை என்ற கணக்குத் தொகுப்பின் ஃப்ரம்ஃபைல் கட்டளை மூலம் 16 பிட் (இரண்டு பைட்) முழு எண்ணாகப் படித்து, 1201-க்கு 1201 என்று அணியாக, அதாவது எண் அட்டவணையாக, மடித்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. கடல் இருக்க வேண்டிய இடத்தில் 0 சரியாக நிற்கிறது. ஆனால் தேவனாம்பட்டினத்துக்குச் சற்று உள்ளே போனால் 768, 1280, 1536 என்று எண்கள் வருகின்றன. கேப்பர் மலைகூட இதில் பத்தில் ஒரு பங்கு உயரம் இல்லையே. இது வேறு அலகா? எதாலாவது வகுக்க வேண்டுமா?

முதுநகர்க்காரர்

வகுக்காதீர்கள் தம்பி. நீங்கள் சொன்ன மூன்று எண்ணையும் பாருங்கள். 768 என்பது 3 × 256. 1280 என்பது 5 × 256. 1536 என்பது 6 × 256. உங்கள் தரை உயரம் 3, 5, 6 மீட்டர்தான். எண் சரியாகவே இருக்கிறது, அதன் இரண்டு பைட்டும் இடம் மாறிப் படிக்கப்பட்டிருக்கின்றன.

ஹெச்ஜிடி ஃபைலில் ஒவ்வொரு உயரமும் இரண்டு பைட். பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வரும், அதாவது பிக் எண்டியன். 5 மீட்டர் என்றால் ஃபைலில் 0, 5 என்று இருக்கும். நம் கணினிகளில் இருக்கும் சிப்பு பெரும்பாலும் லிட்டில் எண்டியன். முதலில் வரும் பைட்டைச் சிறியதாகவும் அடுத்ததைப் பெரியதாகவும் எடுத்துக்கொள்ளும். அதனால் 0 + 5 × 256 = 1280 ஆகிவிட்டது.

256-ஆல் வகுத்தால் சரியாக வருகிறதே என்று சிலர் அப்படியே விட்டுவிடுவார்கள். அது ரொம்ப ஆபத்து. 300 மீட்டர் உயரம் ஃபைலில் 1, 44 என்று இருக்கும். மாற்றிப் படித்தால் 11265. அதை 256-ஆல் வகுத்தால் 44 மீட்டர். கடலூரில் ஒத்துப்போகிற புரோகிராம் ஏற்காட்டில் மலையை மடுவாக்கிவிடும், யாருக்கும் தெரியாது.

நம்பையில் டிடைப்பை, அதாவது எண் வகையை, '>ஐ2' என்று கொடுங்கள். பெரியது குறி பிக் எண்டியனுக்கு, ஐ குறியுள்ள முழு எண்ணுக்கு, 2 இரண்டு பைட்டுக்கு. தவறாகப் படித்த அணியை அப்புறம் ஆஸ்டைப் போட்டு மாற்றினால் சரியாகாது, அது தவறான எண்ணையே வேறு வகைக்கு மாற்றித் தரும். படிக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

வில்லியனூர்வாசி

அண்ணன் சொன்னதோடு ஒன்று. கடலில் 0 சரியாக இருந்ததுதான் தம்பியைக் குழப்பியிருக்கும். 0-வின் இரண்டு பைட்டும் 0, எப்படிப் புரட்டினாலும் 0. அதேபோல கடலோரத்தில் ரேடார் இரைச்சலால் -1 என்று சில கட்டங்கள் வரும். -1 என்பது 255, 255. அதையும் எப்படிப் புரட்டினாலும் -1-தான். கடலையும் அலைவாய்க்கரையையும் மட்டும் பார்த்துவிட்டு ஃபைல் நன்றாகப் படிகிறது என்று முடிவுகட்டினால் மாட்டிக்கொள்வோம். சோதிக்க எப்போதும் நிலத்துக்குள், உயரம் தெரிந்த இடத்துக்குப் போங்கள்.

பாகூரான்

அருமை, இப்போது 3, 5, 6 என்று வருகிறது. நன்றி அண்ணா.

இன்னொரு சந்தேகம். கடலூரின் அட்சரேகை 11.75, தீர்க்கரேகை 79.77. ஃபைலின் தெற்கு விளிம்பு 11. எனவே 0.75 × 1200 = 900-ஆவது வரிசை, 0.77 × 1200 = 924-ஆவது நிரல் என்று எடுத்தேன். அந்த இடத்தைச் சுற்றி வரைந்து பார்த்தால் கெடிலம் காணோம், கேப்பர் மலையும் காணோம். தட்டையான வயல்வெளி மாதிரி இருக்கிறது.

முதுநகர்க்காரர்

நீங்கள் நிற்பது சீர்காழிக்குப் பக்கத்தில். வயல்வெளிதான்.

ஃபைலின் பெயர் தென்மேற்கு மூலையைச் சொல்கிறது, ஆனால் உள்ளே முதல் வரிசை வடக்கு விளிம்பு. பெயரும் உள்ளடக்கமும் எதிரெதிர் மூலையிலிருந்து தொடங்குவதால் முதன்முறை இந்தத் தரவைத் தொடுகிற பலரும் இங்கேதான் தடுமாறுவார்கள். வடக்கு விளிம்பு 12. (12 – 11.75) × 1200 = 300. கடலூர் 300-ஆவது வரிசை, 924-ஆவது நிரல். நீங்கள் எடுத்த 900-ஆவது வரிசை 11.25 பாகை. புதுவை 11.93, 79.83 என்று வைத்துக்கொண்டால் 84-ஆவது வரிசை, 996-ஆவது நிரல். எல்லாம் 0-விலிருந்து எண்ணுவது.

அணியை நம்பாமல் ஃபைலையே பார்க்க வேண்டுமானால், கடலூர் (300 × 1201 + 924) × 2 = 722448-ஆவது பைட்டில் தொடங்குகிறது. ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளை அப்படியே காட்டும் மென்பொருள்) அந்த இடத்துக்குப் போய் இரண்டு பைட்டைப் பாருங்கள். உங்கள் அணி சொல்லும் எண்ணும் அங்கே இருப்பதும் ஒன்றாக இருந்தால் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போகலாம். எந்தப் புது வடிவ ஃபைல் வந்தாலும் ஒரு புள்ளியையாவது இப்படிக் கையால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் நான் மேலே போவதில்லை.

வரிசையையும் நிரலையும் மாற்றிப்போட்டாலும் சதுர அணி என்பதால் பிழைச் செய்தி வராது. 924, 300 என்று எடுத்தால் அரியலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவில் போய் இறங்குவீர்கள். மாட்லாபிலோ ஃபோர்ட்ரானிலோ இதே ஃபைலைப் படிக்கும்போது இது தானாகவே நடக்கும். அவை இரண்டும் நிரல் நிரலாக நிரப்பும், ஃபைல் வரிசை வரிசையாக எழுதப்பட்டது. படித்த பிறகு அணியைத் திருப்பிப்போட வேண்டும்.

நெல்லிக்குப்பம்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நானும் இதே ஃபைலைத்தான் படிக்கிறேன், ஆனால் சி மொழியில், விண்டோஸ் கணினியில். ஃபைல் அளவு 28,84,802 பைட். சரிதானே? ஆனால் படிக்கும் கட்டளையான எஃப்ரீட் முதல் வரிசையைக்கூட முடிக்காமல் நின்றுவிடுகிறது. மீதி அணி முழுக்கக் குப்பை எண்கள். ஃபைல் பழுதா என்று மறுபடி பதிவிறக்கிப் பார்த்தேன், அதே கதை. லினக்ஸ் வைத்திருக்கும் நண்பரிடம் அதே புரோகிராம் ஓடுகிறது.

கெடிலக்கரை

அளவு சரி. 1201 × 1201 × 2 = 28,84,802. ஃபைலில் பழுது இல்லை.

ஃபைலைத் திறக்கும் எஃப்ஓப்பனில் வெறும் 'ஆர்' கொடுத்திருப்பீர்கள். 'ஆர்பி' கொடுங்கள். விண்டோஸில் பைனரி என்று சொல்லாவிட்டால் அது எழுத்து ஃபைலாகத் திறக்கும். எழுத்து ஃபைலில் 26 என்ற பைட்டுக்கு ஒரு பழைய அர்த்தம் உண்டு: கண்ட்ரோல்-இசட், அதாவது ஃபைல் முடிந்தது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து வழக்கம், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உங்கள் ஃபைலின் முதல் வரிசை 12 பாகையில், மேற்கே திருக்கோவிலூருக்கு அப்பாலிருந்து கிளம்பிக் கடலை நோக்கி இறங்கி வருகிறது. வழியில் எங்கோ ஓர் இடத்தில் தரை 26 மீட்டர் உயரத்துக்கு வரும். அங்கே 0, 26 என்று இரண்டு பைட். அந்த 26-ஐப் பார்த்ததும் உங்கள் புரோகிராம் ஃபைல் முடிந்துவிட்டது என்று திரும்பிவிடுகிறது. லினக்ஸில் இந்த வேறுபாடே கிடையாது, அதனால்தான் நண்பரிடம் ஓடுகிறது. சி++ ஆனால் ஐஓஎஸ் பைனரி என்ற கொடி. பைத்தானில் ஓப்பனுக்கும் 'ஆர்பி'-தான்.

அதைவிட முக்கியமாக ஒன்று கேட்கிறேன்: எஃப்ரீட் திருப்பித் தரும் எண்ணைப் பார்த்தீர்களா? எத்தனை உறுப்பு படித்தேன் என்று அது சொல்லத்தான் செய்கிறது. 14,42,401 வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதைப் பார்க்காத புரோகிராம்கள் குப்பை எண்களை வைத்தே வரைபடம் வரைந்து கொடுத்துவிடும். வெள்ள வரைபடத்தில் அப்படி நடக்கக் கூடாது. அதைப் பார்த்துத்தான் நாளைக்கு யாராவது எங்கே மனை வாங்கலாம் என்று யோசிப்பார்கள்.

நெல்லிக்குப்பம்

'ஆர்பி' போட்டதும் முழுசாக வந்துவிட்டது. 14,42,401. நன்றி.

ஆனால் படம் சாய்ந்திருக்கிறது. கடற்கரை வடக்கு தெற்காக வராமல் மூலைக்கு மூலை ஓடுகிறது.

வில்லியனூர்வாசி

சரியாக 45 பாகைச் சாய்வா? அப்படியானால் வரைகிற இடத்தில் அகலத்தை 1200 என்று வைத்திருக்கிறீர்கள். 1201 ஆக்குங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கட்டம் வலது பக்கம் நழுவுகிறது, அதனால் அந்தச் சாய்வு. ஒரு பாகையில் 1200 இடைவெளி, ஆனால் புள்ளிகள் 1201. கடைசி வரிசை பக்கத்து ஃபைலின் முதல் வரிசையோடு பொதுவானது. திண்டிவனம் பக்கத்துக்கு என்12இ079-ஐயும் சேர்த்து ஒட்டும்போது அந்த ஒரு வரிசையை இரண்டு முறை சேர்க்காதீர்கள். நுணுக்கமான ஃபைல் என்றால் 3601-க்கு 3601, அளவு 2,59,34,402 பைட். ஃபைல் அளவைப் பார்த்தே எது என்று தெரிந்துகொள்ளலாம்.

பாகூரான்

எனக்கு இப்போது இடமும் உயரமும் சரி. ஒரு சின்னப் பகுதியின் சராசரி உயரம் எடுத்தேன், சுமார் 1000 கட்டங்கள். எல்லாம் 4 முதல் 8 மீட்டர்தான் தெரிகிறது, சராசரி மட்டும் -27 வருகிறது. இது எப்படி?

கெடிலக்கரை

அதில் ஒரே ஒரு வெற்றுக் கட்டம் இருக்கிறது. ரேடாருக்கு எதிரொலி கிடைக்காத இடத்தில் -32768 என்று போட்டிருப்பார்கள். அந்த ஒன்று மட்டும் 1000 கட்டத்தின் சராசரியை 33 மீட்டர் கீழே இழுத்துவிடும். கணக்குக்கு முன்னால் அணியை ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) மாற்றி, -32768 இருக்கும் இடமெல்லாம் நேன் (எண் இல்லை என்ற குறி) வைத்துவிடுங்கள், சராசரிக்கு அவற்றை விட்டுவிட்டுக் கணக்கிடும் நேன்மீன் எடுங்கள். பிந்தைய பதிப்புகளில் இந்த வெற்றிடங்களை நிரப்பித் தருகிறார்கள், ஆனாலும் உங்கள் கையில் இருப்பதில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

நீங்கள் பைட்டை மாற்றிப் படித்தபோது இது ஏன் கண்ணில் படவில்லை தெரியுமா? -32768 என்பது 128, 0. புரட்டினால் 128. தரவு இல்லாத இடம் 128 மீட்டர் குன்றாக மாறி மற்ற எண்களோடு கலந்துவிட்டது. பைட் வரிசைப் பிழையில் எனக்குப் பெரிய கவலை இதுதான். தவறான எண்ணைப் பார்த்தால் யாருக்காவது சந்தேகம் வரும், எண்ணே இல்லாத இடம் நம்பக்கூடிய எண்ணாக மாறிவிட்டால் யாருக்கும் வராது.

முதுநகர்க்காரர்

தம்பி, புரோகிராம் சரியாகிவிட்டது. ஆனால் தரவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலத்திலிருந்து 11 நாளில் எடுத்த ரேடார் அளவு. அது காட்டுவது வெறும் தரையை அல்ல. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் காட்டின் இலைப்பரப்பும், கரையோரம் சவுக்குத் தோப்பும், ஊருக்குள் வீட்டுக் கூரையும் அதில் கலந்திருக்கும். உயர அளவில் அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு, 90 சதவீத இடங்களில் பிழை 16 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது. நடைமுறையில் சமவெளியில் அதைவிட நன்றாகவே வரும். ஆனாலும் முழு மீட்டராக மட்டும் எண் தரும் தரவை வைத்து, இந்தத் தெருவில் ஒரு மீட்டர் தண்ணீர் நிற்கும், அடுத்த தெருவில் நிற்காது என்று கோடு போடக் கூடாது. எந்தப் பக்கம் பள்ளம், தண்ணீர் எந்தத் திசையில் ஓடும் என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தெரு அளவுக்கு நேரில் மட்டம் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

பாகூரான்

கட்டாயம் ஆய்வறிக்கையில் இதை எழுதுகிறேன் அண்ணா. வழிகாட்டியும் இதையே கேட்டார்.

அடுத்து மழைத் தரவு. இந்திய வானிலைத் துறை புனேயிலிருந்து தரும் தினசரி மழை ஜிஆர்டி ஃபைல். 0.25 பாகைக் கட்டம். இதுவும் பைனரி என்பதால் பழையபடி '>' போட்டேன். எல்லா இடத்திலும் ஏறக்குறைய 0, நடுநடுவே -42 கோடி மாதிரி எண்கள்.

கெடிலக்கரை

இது லிட்டில் எண்டியன் தம்பி. நான்கு பைட் ஃப்ளோட், '<எஃப்4' என்று கொடுங்கள். ஒரு ஃபைலில் கற்றுக்கொண்டதை அடுத்த ஃபைலுக்கு அப்படியே எடுத்துப்போக முடியாது, ஒவ்வொன்றுக்கும் அதன் விளக்கக் குறிப்பைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

ஏன் எல்லாம் 0 போலத் தெரிந்தது என்றால், தரவு இல்லாத இடத்துக்கு இவர்கள் -999 போடுகிறார்கள். ஃப்ளோட்டில் அதன் நான்கு பைட்டையும் தலைகீழாகப் படித்தால், புள்ளிக்குப் பின் முப்பத்தேழு பூஜ்யம் தாண்டி வரும் மிகச் சிறிய எண் கிடைக்கும். அச்சிட்டால் 0 மாதிரித்தான் இருக்கும். மழை சரியாக 10 மி.மீ. என்றால் அதுவும் இப்படியே 0 போல ஆகிவிடும். 12.3 மி.மீ. போன்ற எண்கள்தான் -42 கோடியாக வெளியே தெரிகின்றன. மழையே இல்லை என்று உங்கள் அணி சொல்கிற இடத்தில் நல்ல மழை பெய்திருக்கலாம்.

ஒரு நாளுக்கு 129 அட்சரேகை வரிசை, ஒவ்வொன்றிலும் 135 தீர்க்கரேகைப் புள்ளி. மொத்தம் 17,415 எண், 69,660 பைட். 365 நாள் ஆண்டுக்கு 2,54,25,900 பைட், லீப் ஆண்டுக்கு 2,54,95,560. ஃபைல் அளவு இதில் ஒன்றோடு ஒத்துப்போக வேண்டும். தலைப்புப் பகுதி எதுவும் கிடையாது. அணியை 365, 129, 135 என்று மடியுங்கள். 135-ஐயும் 129-ஐயும் மாற்றிப்போட்டாலும் பெருக்கல் ஒன்றுதான் என்பதால் நம்பை மறுக்காது, படம்தான் கந்தலாக வரும். டிடைப்பே கொடுக்காமல் விட்டால் ஃப்ரம்ஃபைல் எட்டு பைட் ஃப்ளோட் என்று எடுத்துக்கொள்ளும். எண்ணிக்கை பாதியாக வந்தால் காரணம் அதுதான்.

இன்னொன்று, ஹெச்ஜிடி வடக்கிலிருந்து தொடங்கியது இல்லையா, இது தெற்கிலிருந்து தொடங்கும். முதல் எண் 6.5 வடக்கு, 66.5 கிழக்கு. அப்புறம் கிழக்கே 0.25 நகரும். (11.75 – 6.5) ÷ 0.25 = 21. (79.75 – 66.5) ÷ 0.25 = 53. கடலூர் 21, 53 என்ற கட்டத்தில் கச்சிதமாக உட்காருகிறது. புதுவைக்கு 22, 53. வடக்கிலிருந்து தொடங்குவதாக நினைத்துக் கடலூரைத் தேடினால் லடாக்குக்குக் கிழக்கே திபெத்தில் போய் நிற்பீர்கள், அங்கே வெறும் -999.

வில்லியனூர்வாசி

சரியாகப் படித்தோமா என்று சோதிக்க நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு நாள் இருக்கிறது. தானே புயல். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுவைக்கும் நடுவே கரையைக் கடந்தது. 2011 ஃபைலில் அது 364-ஆவது நாள், 0-விலிருந்து எண்ணினால் 363. அணியில் 363, 21, 53 என்ற இடத்தையும் 363, 22, 53 என்ற இடத்தையும் பாருங்கள். இரண்டிலும் கனமழை தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் வேறு எதையும் வரைய வேண்டாம், படிக்கும் இடத்திலேயே பிழை இருக்கிறது. தேதியைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: வானிலைத் துறையின் ஒரு நாள் மழை என்பது அன்று காலை 8.30-க்கு முடியும் 24 மணி நேரம். அதனால் 30-ஆம் தேதி பகலில் பெய்தது 31-ஆம் தேதிக் கணக்கில் ஏறும்.

ஃபைலில் அந்தக் கடலூர் எண் தொடங்கும் இடம் (363 × 17415 + 2888) × 4, அதாவது 2,52,98,132-ஆவது பைட்.

பாகூரான்

பார்த்துவிட்டேன். இரண்டு கட்டத்திலும் கனமழை தெரிகிறது, சுற்றியிருக்கும் கட்டங்களும் அதற்கேற்றபடி இருக்கின்றன. ஒரு நாள் முன்னால் போனால் அளவு இறங்கிவிடுகிறது. எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

நெல்லிக்குப்பம்

கடைசியாக நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கரும்பு வயலில் கிணற்று நீர்மட்டக் கருவி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பதிவும் 2 பைட் நேர எண், 4 பைட் ஃப்ளோட் என்று கையேட்டில் இருக்கிறது. சி-யில் அதே மாதிரி ஒரு ஸ்ட்ரக்ட் (பல புலங்களைச் சேர்த்த ஒரு தொகுப்பு) அமைத்துப் படித்தால் முதல் பதிவே குப்பை.

முதுநகர்க்காரர்

கருவி எழுதுவது 6 பைட். உங்கள் ஸ்ட்ரக்ட்டின் அளவை சைஸ்ஆஃப் போட்டுப் பாருங்கள், 8 என்று சொல்லும். ஃப்ளோட்டை நான்கின் மடங்கான இடத்தில் வைப்பதற்காகக் கம்பைலர் நடுவில் இரண்டு பைட் காலியாக விட்டிருக்கிறது. அதனால் முதல் பதிவிலேயே ஃப்ளோட் இரண்டு பைட் தள்ளிப் படிக்கப்படுகிறது, அதற்குப் பின் வருவதெல்லாம் இன்னும் விலகிப் போகிறது. ஸ்ட்ரக்ட்டை முழுசாகப் படிக்காமல், 6 பைட்டை எடுத்து ஒவ்வொரு புலமாகப் பிரித்து நகலெடுங்கள். பைத்தானின் ஸ்ட்ரக்ட் தொகுதியிலும் இதே சிக்கல் உண்டு. வடிவச் சரத்தின் தொடக்கத்தில் '<' அல்லது '>' போட்டால் இடைவெளி விடாது, ஒன்றும் போடாவிட்டால் விடும்.

ஃபோர்ட்ரானில் எழுதிய தொடர் ஃபைல் என்றால் வேறு கதை. ஜிஃபோர்ட்ரான் ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் நான்கு, பின்னால் நான்கு பைட் நீள எண் போட்டிருக்கும். எதிர்பார்த்த அளவைவிடப் பதிவுக்கு 8 பைட் கூடுதலாக இருந்தால் அதுதான் காரணம்.

பாகூரான்

நான் சரிசெய்த அணிகளை அடுத்த ஆண்டு வரும் மாணவர்களுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நம்பையின் டூஃபைல் கட்டளை போட்டு எழுதிக் கொடுக்கட்டுமா?

கெடிலக்கரை

வேண்டாம். டூஃபைல் எழுதுவதும் வெறும் பைட்டுகள்தான். வகை, வடிவம், பைட் வரிசை எதுவும் அதில் இருக்காது. அவர்களும் உங்களைப் போலவே 1280-இலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நம்பையின் சேவ் போட்டு என்பிஒய் ஃபைலாகக் கொடுங்கள். டிடைப், பைட் வரிசை, வடிவம், வரிசைவாரியா நிரல்வாரியா எல்லாம் அதன் தலைப்பிலேயே பதிவாகும். வடக்கு முதலா தெற்கு முதலா, அலகு என்ன, வெற்றிடத்துக்கு என்ன எண் என்பவை மட்டும் அதில் வராது. அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமானால் நெட்சிடிஎஃப்-ஆக எழுதுங்கள், அட்சரேகை தீர்க்கரேகைப் பட்டியலும் உள்ளேயே போய்விடும். மழைத் தரவை வானிலைத் துறையே அந்த வடிவத்திலும் தருகிறது, உங்கள் அணியை அதோடு ஒருமுறை கழித்துப் பாருங்கள். தரவு உள்ள எல்லாக் கட்டத்திலும் 0 வந்தால் கொடுத்துவிடலாம்.